இலங்கைத் தோரியனைற்: 2200 மில்லியன் வருசமா, 550 மில்லியன் வருசமா? (புல்மோட்டை மணல், கன்னியா பற்றியும்)

உவர்மலைப் பொடியன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். உயர்தரத்தில பௌதிகவியல் படிக்கிறன். கருப் பௌதிகவியல் அலகுக்கு வாசிக்கேக்க ஒரு பழைய ஆங்கிலப் புத்தகத்தில எங்கட நாட்டுக் கல்லைப் பற்றி ஒரு பந்தி கிடைச்சுது. அமெரிக்காவில யேல் பல்கலைக்கழகத்து பேர்ட்ராம் போல்ட்வுட், 1907 இல, கனிமத்தில இருக்கிற யுரேனியத்தையும் ஈயத்தையும் அளந்து அதின்ர வயசைக் கணிச்சவராம். அவற்ற பட்டியலில ஆகக் குறைஞ்சது 410 மில்லியன் வருசம், ஆகக் கூடினது 2200 மில்லியன். அந்த 2200 இலங்கைத் தோரியனைற் எண்ட தோரியக் கனிமத்துக்கு.

ஆனா இப்ப வாற கட்டுரைகளில எங்கட மணிக்கல் பளிங்குகளுக்கு 550 மில்லியன் சுற்றுவட்டாரம்தான் போடுகினம். நாலு மடங்கு வித்தியாசம். எது சரி, ஏன் இப்பிடி? புல்மோட்டை மணலிலயும் தோரியம் இருக்கு எண்டு சொல்லுகினமே, அதுவும் இதோட சேர்ந்த கதைதானோ? தெரிஞ்ச அண்ணாமார் அக்காமார் ஆராவது விளங்கப்படுத்துங்கோ.

நிலாவெளி எழுதியது:

தம்பி, உம்மட கேள்வியிலயே பதில் கிடக்கு. முதல்ல 2200, பிறகு 550. நாளைக்கு இன்னொருத்தர் வந்து 100 எண்டு சொல்லுவார். கல்லுக்குள்ள ஈயத்தை அளந்து வயசு சொல்லுறதில ஏதோ அடிப்படையில தவறு இருக்கு எண்டுதான் நான் நினைக்கிறன். பரீட்சைக்குப் படியும், அது வேற. ஆனா ஒரு முறை நாலு மடங்கு பிழைச்சிருந்தால் அதை ஏன் நம்ப வேணும் எண்டு கேக்கிறதும் விஞ்ஞானம்தான்.

கோணமலை வாத்தியார் எழுதியது:

கேள்வி கேட்ட தம்பிக்கும், ஏன் நம்ப வேண்டும் என்று கேட்ட நிலாவெளித் தம்பிக்கும் சேர்த்தே எழுதுகிறேன். இது எங்கள் நாட்டுக் கல்லின் கதை என்பதால் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1904 இல் சப்ரகமுவ மணிக்கல் பரலில் கறுப்பாக, பாரமாக, சிறு கன சதுரங்களாக ஒரு கனிமம் அகப்பட்டது. அக்காலத்தில் இலங்கைக் கனிய அளவையின் பணிப்பாளராக இருந்தவர் ஆனந்த குமாரசுவாமி. சேர் முத்துக் குமாரசுவாமியின் மகன். பிற்காலத்தில் கலை வரலாற்று அறிஞராக உலகம் கொண்டாடிய அதே மனிதர்தான். அவருடைய கவனத்துக்கு வந்த கனிமம் லண்டனுக்குப் போய், பெரும்பகுதி தோரியம் ஒட்சைட்டு என்று தெரிந்து, தோரியனைற் என்று பெயர் பெற்றது. அந்த நாளில் தோரியத்துக்கு நல்ல விலை. பெற்றோமக்ஸ் மன்டில் என்று நாம் கட்டிய வலை இருக்கிறதே, அதன் வெள்ளை ஒளிக்குக் காரணம் 99 வீதம் தோரியம் ஒட்சைட்டும் 1 வீதம் சீரியம் ஒட்சைட்டும். 1891 இல் ஒஸ்திரியாவின் ஆவ்வர் கண்டுபிடித்த கலவை அது.

லண்டனில் வில்லியம் ராம்சேயின் ஆய்வுகூடத்துக்கு அப்போது ஒரு ஜேர்மன் இளைஞர் வந்திருந்தார். பெயர் ஒட்டோ ஹான். இலங்கைத் தோரியனைற்றிலிருந்து எடுத்த பேரியம் உப்பைக் கொடுத்து, இதிலிருந்து ரேடியத்தைப் பிரி என்றார் ராம்சே. ஹான் பிரித்துக்கொண்டு போகும்போது ரேடியம் அல்லாத இன்னொன்று கதிர் வீசியது. 1905 இல் அதற்கு ரேடியோதோரியம் என்று பெயரிட்டார். இன்று அதைத் தோரியம்-228 என்கிறோம். இரசாயனத் தொழிற்சாலை வேலைக்குப் போக இருந்தவர் அதற்குப் பிறகு கதிர்த்தொழிற்பாட்டை விடவில்லை. 1938 டிசம்பரில் ஸ்ட்ராஸ்மனுடன் சேர்ந்து யுரேனியக் கரு பிளவுபடுவதைக் கண்டவரும் அவரே. அவரை இந்தத் துறையில் பிடித்து நிறுத்தியது எங்கள் மலைநாட்டுக் கல் என்பதை வகுப்பில் சொல்லாமல் நான் ஒரு தடவையும் அந்த அலகைத் தொடங்கியதில்லை.

இனி போல்ட்வுட். அவருடைய கணக்கு மிக எளியது. ஈயத்தின் நிறையை யுரேனியத்தின் நிறையால் பிரி, வருவதை 10000 மில்லியனால் பெருக்கு. தோரியனைற்றுக்கு 2200 வந்தது என்றால் அந்த விகிதம் 0.22. அளவில் குறை சொல்ல இடமில்லை. அளந்ததற்குக் கொடுத்த பொருளில்தான் இரண்டு இடத்தில் வழுக்கியது.

ஒன்று, சிதைவு வேகம். யுரேனியம் எவ்வளவு விரைவாகச் சிதைகிறது என்பதை ரேடியத்தின் அரைவாழ்வுக்காலத்தை (பாதி சிதைய எடுக்கும் காலத்தை) வைத்துத்தான் அன்று மதிப்பிட்டார்கள். ரதர்போர்டின் அன்றைய பெறுமானம் 2600 ஆண்டு. உண்மையில் அது 1600 ஆண்டு. ஆகவே எல்லாக் கல்லும் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு வயது கூடித் தெரிந்தது.

மற்றது தோரியம். தோரியமும் கடைசியில் ஈயமாகத்தான் முடிகிறது. 1907 இல் இது தெளிவாகவில்லை. தோரியம் ஈயத்தைத் தருவதில்லை என்ற முடிவில் போல்ட்வுட் இருந்தார். யுரேனியம் மிகுந்த, தோரியம் அரிதான கனிமங்களில் அதனால் பெரிய பாதகமில்லை. பெயரிலேயே தோரியம் இருக்கிற எங்கள் கல்லில் அது கணக்கையே மாற்றிவிட்டது.

இன்றைய சிதைவு வேகங்களை வைத்துப் பாருங்கள். 550 மில்லியன் ஆண்டில், இப்போது மீந்திருக்கும் ஒவ்வொரு கிராம் யுரேனியத்துக்கும் சுமார் 0.081 கிராம் ஈயம் சேர்ந்திருக்கும். ஒவ்வொரு கிராம் தோரியத்துக்கும் சுமார் 0.0247 கிராம். ஒரு தோரியனைற் துண்டில் யுரேனியத்தைப் போல் ஐந்தரை மடங்கு தோரியம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தோரியத்திலிருந்து வரும் ஈயம் 0.136. இரண்டையும் கூட்டினால் 0.217. போல்ட்வுட்டின் சூத்திரத்தில் போட்டால் 2170 மில்லியன்.

நிலாவெளி எழுதியது:

சேர், ரசிச்சு வாசிச்சன். ஆனா ஒண்டு இடிக்குது. 550 ஐ முதலே வச்சுக்கொண்டு 0.217 ஐ எடுத்துக் காட்டுறியள். ஐந்தரை மடங்கு எண்டதும் நீங்கள் வச்ச எண். அந்தக் கணக்கு 2200 எப்பிடி வந்திருக்கலாம் எண்டு சொல்லுது, 550 சரி எண்டு சொல்லேல்ல. அதுக்குத் தனியா ஒரு சாட்சி வேணும்.

கோணமலை வாத்தியார் எழுதியது:

நியாயமான கேள்வி. அந்தச் சாட்சிக்குப் போகும் வழியும் இலங்கைக் கல்லூடாகத்தான் போகிறது.

பிரெடரிக் சொடி 1913 இல் சமதானி என்ற கருத்தை முன்வைத்தார். இரசாயனத்தில் ஒன்றாகவும் நிறையில் வேறாகவும் இருக்கும் அணுக்கள். அது சரியென்றால் யுரேனியத்திலிருந்து வந்த ஈயம் இலேசாகவும் தோரியத்திலிருந்து வந்த ஈயம் பாரமாகவும் இருக்க வேண்டும். சாதாரண ஈயத்தின் அணுநிறை 207.2. தோரியத்திலிருந்து வந்த ஈயத்தை எங்கே தேடுவது? சொடி எடுத்தது இலங்கைத் தோரைற். தோரியனைற்றின் உறவுக் கனிமம், தோரியம் சிலிக்கேற்று. அதிலிருந்து ஈயத்தைப் பிரித்து 1915 இல் அளந்தபோது அணுநிறை 207.7 அளவில் வந்தது. அடர்த்தியும் சாதாரண ஈயத்தைவிட 0.26 வீதம் கூட. அதே காலத்தில் ஹார்வார்டில் தியடோர் ரிச்சர்ட்ஸ் யுரேனியக் கனிமங்களின் ஈயத்தை அளந்து அது 207 க்குக் கீழே இருப்பதைக் காட்டினார். ஒரே தனிமம் மூன்று பாரத்தில். 1921 இரசாயனவியல் நோபல் பரிசு சொடிக்குப் போனதற்கு இந்த வேலை ஒரு முக்கிய காரணம்.

அதற்குப் பிறகு ஈயத்தை மொத்தமாக நிறுக்கத் தேவையில்லை. 206 எவ்வளவு, 207 எவ்வளவு, 208 எவ்வளவு என்று பிரித்து எண்ணலாம். அதை இன்று எப்படிச் செய்கிறார்கள் என்று சாம்பல்தீவுப் பிள்ளை சொன்னால்தான் பொருத்தம்.

சாம்பல்தீவு எழுதியது:

வணக்கம் சேர். பேராதனையில் புவிச்சரிதவியல் படித்தவள், சிர்க்கோன் (சிர்க்கோனியம் சிலிக்கேற்றாலான மணிக்கல்) பளிங்குகளோடு வேலை செய்திருக்கிறேன். தொடர்கிறேன்.

நிலாவெளி அண்ணா கேட்ட தனிச்சாட்சி ஒவ்வொரு சிர்க்கோன் மணிக்குள்ளும் இருக்கிறது. இயற்கை யுரேனியத்தில் இரண்டு சமதானிகள். யுரேனியம்-238 ஈயம்-206 ஆகிறது, அரைவாழ்வுக்காலம் 4468 மில்லியன் ஆண்டு. யுரேனியம்-235 ஈயம்-207 ஆகிறது, அரைவாழ்வுக்காலம் 704 மில்லியன் ஆண்டு. இரண்டும் ஒன்றையொன்று கேட்டுச் சிதைவதில்லை. ஒரு பளிங்கு 550 மில்லியன் ஆண்டாக மூடிய நிலையில் இருந்தால் 206 க்கும் 238 க்கும் உள்ள அணு விகிதம் 0.089, 207 க்கும் 235 க்கும் உள்ள விகிதம் 0.72. அதே பளிங்கு 2200 மில்லியன் என்றால் இந்த இரண்டும் 0.41, 7.7 என்று வர வேண்டும். ஒன்று 550 ஐயும் மற்றது 2200 ஐயும் காட்டினால் அந்தப் பளிங்கு ஈயத்தை இழந்திருக்கிறது அல்லது வெளியிலிருந்து ஏதோ கலந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். ஜோர்ஜ் வெதரில் 1956 இல் இந்த இரண்டு விகிதத்தையும் ஒரே வரைபடத்தில் போட்டுக் காட்டிய நாளிலிருந்து இதுதான் நடைமுறை. இரண்டு தொடரும் ஒத்துப்போகாத வயதைப் பொதுவாக அப்படியே வயதென்று ஏற்பதில்லை.

சிர்க்கோன் இதற்கு இவ்வளவு பொருத்தமாக அமைந்ததற்குக் காரணம் அதன் பளிங்குச் சாலகம், அதாவது அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் ஒழுங்கு. உருவாகும்போது சிர்க்கோனியம் இருக்க வேண்டிய இடத்தில் யுரேனியத்தைக் கொஞ்சம் ஏற்றுக்கொள்கிறது. ஈயத்தை ஏற்பதில்லை. ஆகவே உள்ளே காணும் ஈயம் அநேகமாக முழுவதும் அங்கேயே பிறந்தது.

இலங்கைச் சிர்க்கோன் இதில் ஒரு படி மேலே. ஒரே சீரான, பெரிய, பழுதில்லாத பளிங்குகள் எங்கள் மணிக்கல் பரலில் கிடைக்கின்றன. வயது அளக்கும் கருவிக்கு முதலில் வயது தெரிந்த ஒரு கல்லைக் காட்ட வேண்டும், அதனோடு ஒப்பிட்டுத்தான் தெரியாத கல்லை அளக்க முடியும். தராசுக்குப் படிக்கல் மாதிரி. கன்பராவில் பில் கொம்ப்ஸ்டன் குழு கட்டிய ஷ்ரிம்ப் என்ற அயன் நுண்சலாகைக் கருவிக்கு ஆண்டுக்கணக்காகப் படிக்கல்லாக இருந்தது எஸ்எல்13 என்ற இலங்கைச் சிர்க்கோன். வயது 572 மில்லியன். பேர்த்தில் சீஇசட்3, அதுவும் இலங்கைக் கல்தான், 564 மில்லியன். பிறகு எம்257 என்று இன்னொன்று, 561.3 மில்லியன், வழு 0.3 மில்லியன் மட்டும். மேற்கு அவுஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸ் மணிகள் 4400 மில்லியன் ஆண்டு வரை போகின்றன என்று படித்திருப்பீர்கள். பூமியில் அறியப்பட்ட ஆகப் பழைய பளிங்குத் துண்டுகள். அந்த வகை அளவீட்டை வளர்த்தெடுத்த ஆய்வுகூடங்களில் மேசைமேல் இருந்தது எங்கள் ஊர்க் கல்.

எனக்கு இதில் ஒரு ஆதங்கம் உண்டு. இந்த அளவுகள் எதையும் இலங்கையில் இருந்துகொண்டு எடுக்க எங்களுக்கு வாய்ப்புக் குறைவு. மணியைப் பொதி செய்து கடல் கடந்து அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறோம். கல் எங்களுடையது, கருவி எங்களுடையதாக இல்லை. இளையவர்கள் இந்தத் துறைக்கு வர வேண்டும் என்று நான் கேட்பது அதனால்தான்.

உவர்மலைப் பொடியன் எழுதியது:

நன்றி அக்கா, நன்றி சேர். இரண்டு தொடர் விசயம் நல்லா விளங்கிச்சு.

இன்னும் ஒரு சந்தேகம். நான் வாசிச்ச ஒரு கட்டுரையில உயர்நிலத் தொகுதிப் பாறைகளில 2000, 3000 மில்லியன் வருசச் சிர்க்கோனும் இருக்கு எண்டு போட்டிருந்தது. அப்ப போல்ட்வுட்டின்ர 2200 தற்செயலா எண்டாலும் சரியா வந்திட்டுதோ?

சாம்பல்தீவு எழுதியது:

நல்ல இடத்தில் கை வைத்தீர்கள் தம்பி. இரண்டும் வேறு நிகழ்வுகள்.

இலங்கையின் நடுவே தென்மேற்கிலிருந்து வடகிழக்காக, திருகோணமலை வரை நீளும் பட்டைதான் உயர்நிலத் தொகுதி. ஒரு காலத்தில் அதில் பெரும்பகுதி கடலடி மணலும் களியும் சுண்ணாம்பும். அந்த மணலுக்குள் அதைவிடப் பழைய கண்டங்களிலிருந்து அடித்துவரப்பட்ட சிர்க்கோன் மணிகள் கிடந்தன. அவைதான் 2000 முதல் 3200 மில்லியன் ஆண்டு. பிறகு கோண்ட்வானாக் கண்டம் ஒன்றுசேர்ந்தபோது இந்தப் படிவுகள் பூமிக்குள் 30 கிலோமீற்றர் அளவு ஆழத்துக்குத் தள்ளப்பட்டு 800 பாகை செல்சியசுக்கு மேல் வெந்து உருமாறின. அது 610 முதல் 550 மில்லியன் ஆண்டுக்கு இடைப்பட்ட காலம். அன்று எங்களுக்கு ஒருபக்கம் மடகஸ்கார், ஒருபக்கம் தென்னிந்தியா, மறுபக்கம் அந்தாட்டிக்கா. பழைய சிர்க்கோன் மணி அழியாமல் நடுவில் நிற்க, அதைச் சுற்றிப் புதிய விளிம்பு வளர்ந்தது. ஷ்ரிம்ப் கருவியின் கதிரால் நடுவைத் தனியாகவும் விளிம்பைத் தனியாகவும் தொடலாம். ஒரு மில்லிமீற்றருக்கும் சிறிய மணியில் இரண்டு வயது.

தோரியனைற்றுக்கு அப்படிப் பழைய நடு ஒன்றுமில்லை. அது அந்த வெப்பத்தின் பிற்பகுதியில் புதிதாகப் பளிங்கானது. ஆகவே 2200 என்பது பழைய மணிகளின் வயதுக்குக் கிட்டே விழுந்தது வெறும் எண்ணொற்றுமை. தோரியத்தின் பங்கு கொஞ்சம் குறைந்த துண்டு போல்ட்வுட் கையில் போயிருந்தால் வேறு எண் வந்திருக்கும்.

புல்மோட்டைக்கு வருகிறேன். திருகோணமலை நகரத்துக்கு வடக்கே ஐம்பது கிலோமீற்றர் சொச்சத்தில் கரையோரமாகப் படிந்திருப்பது இதே பாறைகள் தேய்ந்து வந்த மணல். ஆறுகள் கடலில் சேர்த்ததை வடகீழ்ப் பருவக்காற்றின் அலை கரைக்குத் தள்ளி, இலேசான குவாட்சு மணலை இழுத்துக்கொண்டு பாரமானதை விட்டுவிட்டுப் போகும். அப்படித் தங்கியதில் பத்துக்கு ஏழு பங்கு இல்மனைற் என்ற தைற்றேனியக் கனிமம். ரூட்டைலும் சிர்க்கோனும் ஏறத்தாழப் பத்துக்கு ஒரு பங்கு வீதம். மொனசைற் மிகக் கொஞ்சம், ஒரு வீதத்துக்கும் குறைவு. தோரியத்தின் பெரும்பகுதி அந்த மொனசைற்றில்தான். சிர்க்கோனுக்குள்ளும் சிறிதளவு யுரேனியமும் தோரியமும் உண்டு.

கிண்ணியாக் கரை எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். எங்கட குடும்பத்தில கல் வியாபாரம் செஞ்சவங்க இருக்காங்க, அதனால கேக்கிறன். சிர்க்கோன்ல பச்சை, எண்ணெய்ப் பச்சை நிறத்தில ஒரு சாதி வரும். பார்வைக்குக் கொஞ்சம் மங்கல். அதே அளவு மத்தச் சிர்க்கோனை விடப் பாரம் குறைவா இருக்கும். சூட்டில வச்சா சிலது தெளியும், பாரமும் கூடும். மாத்தறை வைரம் எண்டு விக்கிற வெள்ளைச் சிர்க்கோன்ல இந்தப் பிரச்சினை இல்ல. ஒரே கல்லு ஏன் ரெண்டு மாதிரி? கதிரோட சம்பந்தம் எண்டு ஒருத்தர் சொன்னார், நம்பலாமா?

சாம்பல்தீவு எழுதியது:

வ அலைக்கும் ஸலாம் நானா. அவர் சொன்னது முழு உண்மை. இந்த இழையில் எனக்கு ஆகவும் பிடித்த கேள்வியும் இதுதான்.

யுரேனியம்-238 ஈயமாகும் வரை எட்டு ஆல்பாத் துணிக்கைகளை வெளியேற்றுகிறது. ஆல்பா ஒரு பக்கம் பறக்கும்போது மீதிக் கரு எதிர்ப்பக்கம் உதைபடுகிறது. ஆல்பா தூரம் போகும், வழியில் அதிகம் சேதம் செய்யாது. உதைபட்ட பாரமான கருவோ சில பத்து நனோமீற்றருக்குள்ளேயே நின்றுவிடும், ஆனால் அந்த இடத்தில் ஆயிரக்கணக்கான அணுக்களை இருந்த இருப்பிலிருந்து பெயர்த்துவிடும். ஒவ்வொரு சிதைவும் சாலகத்தில் ஒரு சின்னக் குழப்பம். 550 மில்லியன் ஆண்டில் யுரேனியம் மிகுந்த கல்லில் இந்தக் குழப்பங்கள் ஒன்றையொன்று தொட்டு, ஒழுங்கே இல்லாமல் போய்விடுகிறது. வெளியில் பளிங்கு முகம் அப்படியே நிற்கும், உள்ளே கண்ணாடியைப் போன்ற ஒழுங்கற்ற பொருள். அணுக்கள் நெருக்கமாக அடுக்குப்படாததால் கல் வீங்கி அடர்த்தி 4.7 இலிருந்து 4 க்கு அருகில் இறங்கும். சூடாக்கினால் அணுக்கள் திரும்ப ஒழுங்குக்கு வரும். நீங்கள் பார்த்த தெளிவு அது.

கவனியுங்கள், வயது எல்லாவற்றுக்கும் ஏறத்தாழ ஒன்று. வேறுபடுவது யுரேனியத்தின் அளவு மட்டும். ஆகவே சேதம் கதிர்த் தாக்கத்தோடு எப்படி ஏறுகிறது என்று படிக்க இலங்கைச் சிர்க்கோன் வரிசையைப் போல ஒன்று வேறெங்கும் கிடைப்பது அரிது. ஹொலண்ட், கொட்பிரீட் என்ற இருவர் 1955 இல் தொடங்கிய அந்த ஆய்வு இன்றுவரை தொடர்கிறது. எங்கள் நாட்டில் 1953 இல் எகநாயக்க கண்டெடுத்த எகனைற் என்ற பச்சை மணிக்கல்லும் இதே மாதிரி, தோரியத்தால் உள்ளே முழுவதும் ஒழுங்கிழந்த ஒன்று.

வயது அளப்பவர்களுக்கும் இது முக்கியம். சேதமான இடத்தால்தான் ஈயம் கசியும். 2005 இல் ஜேம்ஸ் மாற்றின்சன் ஒரு வழி கண்டார். மணியை முதலில் 800 பாகைக்கு மேல் சூடாக்கி, பிறகு ஐதரோபுளோரிக் அமிலத்தில் இட்டு, சேதமான பகுதியை மட்டும் கரைத்தெடுத்துவிட்டு, மீதி நல்ல பகுதியை அளப்பது.

டொரொண்டோத் திருமலையான் எழுதியது:

இந்துக்கல்லூரி வீதிப் பக்கம் வளர்ந்தவன், இப்ப கனடாவில பொறியியலாளர். சாம்பல்தீவுத் தங்கச்சி சொன்ன சேதத்தை நாங்கள் மறுபக்கத்தில இருந்து பாக்கிறம்.

சிர்க்கோனில இருந்து பிரிக்கிற சிர்க்கோனியம் உலோகம் அணு உலைக்குள்ள எரிபொருளைச் சுத்தியிருக்கிற உறை. ஏன் அது? வெப்ப நியூத்திரனைக் கிட்டத்தட்டத் தொடாமல் விடும். உறிஞ்சும் குறுக்குவெட்டு, அதாவது நியூத்திரனைப் பிடிக்கிற வாய்ப்பின்ர அளவு, 0.18 பார்ன். ஆனா இயற்கையில சிர்க்கோனியம் இருக்கிற இடமெல்லாம் ஹஃப்னியமும் ஒன்றிரண்டு வீதம் ஒட்டிக்கொண்டு வரும். அதுக்கு 104 பார்ன். ஐந்நூறு மடங்குக்கு மேல. இரசாயனத்தில ரெண்டும் இரட்டைப் பிள்ளை, அதாலதான் 1923 வரைக்கும் கொப்பன்ஹேகனில கொஸ்டரும் ஹெவெசியும் எக்ஸ் கதிரால பிடிக்கும் வரை ஹஃப்னியத்தை ஆரும் காணேல்ல. உலைக்கு எடுக்கிற சிர்க்கோனியத்தில ஹஃப்னியம் மில்லியனுக்கு நூறு பங்குக்குக் கீழ வர வேணும். பிரிச்செடுத்த ஹஃப்னியத்தைச் சில உலைகளில கட்டுப்பாட்டுக் கோலாப் போடுகினம்.

இங்க ஒன்ராறியோவில 'கண்டு' (CANDU) எண்ட கனடா வகை உலை. செறிவூட்டாத இயற்கை யுரேனியத்தில ஓடுறதால ஒரு நியூத்திரனும் வீணாகக் கூடாது. டார்லிங்டனில ஒரு உலைக்கு 480 அமுக்கக் குழாய், சிர்க்கோனியத்தில இரண்டரை வீதம் நயோபியம் கலந்த உலோகம். 1983 ஓகஸ்டில பிக்கரிங் இரண்டாம் உலையில ஒரு குழாய் நீளவாக்கில வெடிச்சுது. அது பழைய சிர்க்கலோய்-2 எண்ட சிர்க்கோனியக் கலப்புலோகக் குழாய். உலோகம் தண்ணியில இருந்து டியூத்தீரியத்தை (பார ஐதரசனை) உறிஞ்சி, குளிர்ந்த இடத்தில நொறுங்கிற ஐதரைட்டு சேர்ந்து வந்த விளைவு. பாதுகாப்பா நிப்பாட்டினவை. அதுக்குப் பிறகுதான் பிக்கரிங் முதலாம், இரண்டாம் உலைகளின்ர குழாயெல்லாம் நயோபியம் கலப்புக்கு மாறினது.

இன்னொரு பலவீனமும் இருக்கு. 1200 பாகை தாண்டினா சிர்க்கோனியம் நீராவியில இருந்து வேகமா ஒட்சிசனைப் பறிச்சு ஐதரசனை விடும். 2011 மார்ச்சில புக்குஷிமாவில கட்டிடக் கூரையைப் பறக்க வச்சது அந்த ஐதரசன்.

தங்கச்சிக்கு ஒரு விசயம். சிர்க்கோன் இவ்வளவு காலம் யுரேனியத்தைப் பிடிச்சு வச்சிருக்கெண்டா அதுக்குள்ள புளூட்டோனியக் கழிவையும் பூட்டி வைக்கலாமே எண்டு 1990களில யோசிச்சவை. 2007 இல கேம்பிரிட்ஜ் குழு அணுக்கருக் காந்தப் பரிவு முறையால சேதத்தை நேரா எண்ணிப் பாத்து, பத்து வீதம் புளூட்டோனியம்-239 போட்ட சிர்க்கோன் 1400 வருசத்தில ஒழுங்கிழக்கும் எண்டு சொன்னது. புளூட்டோனியத்தின்ர அரைவாழ்வுக்காலமே 24100 வருசம். அதனால கடோலினியம் சிர்க்கோனேற்று மாதிரி, அணு இடம் மாறினாலும் தாங்கிற சாலகங்களைப் பாக்கினம். கிண்ணியா நானாவின்ர பச்சைக் கல்லும் இந்தக் கேள்வியும் ஒரே பௌதிகம்.

ஆனா புல்மோட்டைச் சிர்க்கோன் எல்லாம் உலைக்குப் போகுதெண்டு நினைக்க வேண்டாம். உலகச் சிர்க்கோனில பெரும்பங்கு தரை ஓட்டுக்கும் மட்பாண்டப் பூச்சுக்கும் வார்ப்பட அச்சுக்கும்தான் போகுது.

குச்சவெளி உம்மா எழுதியது:

எல்லாரும் பெரிய விசயம் பேசுறீங்க. எனக்கு ஒண்டு மட்டும் சொல்லுங்க. புள்ளையள் அந்தக் கறுப்பு மணல்ல விளையாடுதுகள். பயமா?

கோணமலை வாத்தியார் எழுதியது:

தங்கச்சி, கேட்டது நல்லது. ஆல்பாக் கதிர் தோலைத் தாண்டாது. கரையில் ஓடி விளையாடிவிட்டுக் கை கால் கழுவி வீட்டுக்கு வரும் பிள்ளைக்குப் பயப்பட ஒன்றுமில்லை. மொனசைற் அந்த மணலில் மிகச் சிறு பங்கு. பயப்பட வேண்டியது இரண்டு. மணலைப் பிரிக்கும் இடத்துத் தூசியை ஆண்டுக்கணக்காகச் சுவாசிப்பது ஒன்று. அங்கே வேலை செய்பவர்களுக்கு முகமூடியும் கதிர் அளவீடும் உரிமை, சலுகை இல்லை. 2014 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்க அணுசக்திச் சட்டம் அதற்காகத்தான் தனியான ஒழுங்குபடுத்தும் பேரவை ஒன்றை அமைத்தது. மற்றது, பாரமான கறுப்பு மணலை அள்ளிவந்து வீட்டுத் தரைக்கோ சுவருக்கோ கலப்பது. தோரியத் தொடரில் ரேடன்-220 என்ற வாயு வருகிறது, மூடிய அறையில் அது சேரும். வெளியே கடற்காற்றில் அந்தக் கவலை இல்லை. ஆகவே விளையாடட்டும், வீட்டுக்குள் கொண்டுவந்து கொட்டாதீர்கள். அனுமதியில்லாமல் அள்ளுவது சட்டப்படியும் குற்றம்.

நிலாவெளி எழுதியது:

இரண்டு தொடரும் ஒரே எண்ணைச் சொல்லுது எண்டால் 550 ஐ ஏற்கிறன். சாம்பல்தீவுத் தங்கச்சிக்கு நன்றி. இதோட ஒரு கேள்வி, திருகோணமலைக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளும் இந்தத் தோரியத்தால சுடுறதோ? எரிமலை எண்டும் சிலர் சொல்லுகினம்.

சாம்பல்தீவு எழுதியது:

எரிமலை இலங்கையில் எங்கும் இல்லை அண்ணா. மழைநீர் பாறை வெடிப்புகளூடாக ஆழத்துக்கு இறங்கி, சூடாகி, வேறொரு வெடிப்பால் விரைவாக ஏறி வருகிறது. கண்டப் பாறைகளில் ஒரு கிலோமீற்றர் இறங்கினால் 25 பாகை அளவு கூடும், ஆகவே வெந்நீருக்குப் பெரிய ஆழம் தேவையில்லை. அந்த ஏழு கிணற்றுக்குக் கீழே தனியாக ஒரு தோரியக் குவியல் இருக்கிறதென்று அர்த்தமில்லை. ஆனால் பூமிக்கு உள்ளே வெப்பம் இன்னும் தீராமல் இருப்பதற்கு யுரேனியம், தோரியம், பொற்றாசியம் ஆகியவற்றின் சிதைவு பெரிய காரணம். ஜப்பானின் காம்லாண்ட் ஆய்வகம் பூமிக்குள் நடக்கும் சிதைவிலிருந்து வரும் எதிர்நியூத்திரினோ என்ற நுண்துணிக்கைகளை எண்ணி, யுரேனியமும் தோரியமும் சேர்ந்து சுமார் 20 டெராவாற்று தருவதாக 2011 இல் அறிவித்தது. பூமி இழக்கும் வெப்பத்தில் கிட்டத்தட்டப் பாதி.

உவர்மலைப் பொடியன் எழுதியது:

சேர், நீங்கள் தந்த எண்களை வச்சு ஒரு கணக்குச் செய்தன். 0.22 ஐ அப்பிடியே எடுத்து, தோரியத்தை மறந்து, யுரேனியத்தின்ர ரெண்டு சமதானிக்கும் இன்றைய சிதைவு வேகத்தைப் போட்டா 1350 மில்லியன் அளவு வருது. அப்ப 2200 இல இருந்து 1350 க்கு இறங்கினது வேகத்தைத் திருத்தினதால, 1350 இல இருந்து 550 க்கு இறங்கினது தோரியத்தைச் சேர்த்ததால. சரியோ?

கோணமலை வாத்தியார் எழுதியது:

சரி. ஒன்று மட்டும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். திருத்தும் ஒழுங்கை மாற்றி, முதலில் தோரிய ஈயத்தைக் கழித்தால் இடையில் 1350 வராது, 840 அளவு வரும். முடிவு 550 தான். அடுக்குக்குறிச் சார்பில் இரண்டு வழுவின் பங்கை இப்படி நேராகப் பிரித்துச் சொல்ல முடியாது. அந்த இரண்டு வழியையும் ஒரே வரைபடத்தில் கீறி இங்கே போடுங்கள், மற்றப் பிள்ளைகளும் பார்க்கட்டும்.